ஏலத்தில் காணி வாங்குதலும் விற்றலும்: சட்ட முன்னாயத்தங்கள்

வணிகக் கல்வி – மேலதிக அலகு
க.பொ.த. (சாதாரண தர) மாணவர்களுக்கானது

இவ்வலகைக் கற்ற பின்னர் நீங்கள்,

• ஏல விற்பனையில் ஒப்பந்தம் எப்போது உருவாகிறது என்பதை விளக்குவீர்கள்.
• காணி ஏலம் ஏனைய பொருட்களின் ஏலத்திலிருந்து வேறுபடும் விதத்தைக் காட்டுவீர்கள்.
• வாங்குபவரும் விற்பவரும் செய்ய வேண்டிய சட்ட முன்னாயத்தங்களை வரிசைப்படுத்துவீர்கள்.
• ஏலத்தில் செலுத்த வேண்டிய தொகைகளைக் கணிப்பீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, ஏலம் என்பது மலையகத்தில் வாழும் எமக்குப் புதிய சொல் அன்று. எமது பெற்றோர் பறிக்கும் கொழுந்து தொழிற்சாலையில் தேயிலையாகி, பெரும்பாலும் கொழும்புத் தேயிலை ஏலத்திலேயே விலை பேசப்படுகின்றது. கொழும்பில் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி நடைபெற்றது. 2020இல் கொவிட் தொற்றுக் காலத்தில் அந்த ஏலம் இணையவழிக்கு மாறியது.

தேயிலை வாங்குபவர் ஏலத்துக்கு முன் மாதிரியைப் பெற்று, சாயம் ஊற்றிச் சுவைத்துப் பார்க்கின்றார். பிடிக்காத தேயிலைக்கு அவர் விலை கூறுவதில்லை. காணியை அவ்வாறு சுவைத்துப் பார்க்க முடியாது. காணியின் குற்றம் மண்ணில் தெரிவதைவிடப் பத்திரத்திலேயே அதிகம் தெரியும். ஆகவே காணி ஏலத்தில் பத்திரங்களைப் பரிசோதிப்பதே மாதிரி பார்ப்பதாகும்.

பின்வரும் நிலைமையை மனத்தில் வைத்துக்கொண்டு இவ்வலகை வாசியுங்கள். இது விளக்கத்துக்காகக் கூறப்படும் கற்பனை நிலைமை.

நிலைமை: நீங்கள் நல்லதண்ணிக்கு அருகேயுள்ள ஒரு தோட்டத்தில் வசிக்கின்றீர்கள். உங்கள் அப்பா முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றிருக்கின்றார். ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணிக்கொடையும் கைக்கு வந்துள்ளன. அம்மாவின் சேமிப்பும் உண்டு. ஒரு நாள் பத்திரிகையில், மஸ்கெலியா வீதியோரத்தில் 12 பேர்ச் காணித்துண்டு ஒன்று வங்கியினால் ஏலத்தில் விற்கப்படும் என்ற அறிவித்தல் வெளியாகின்றது. வியாபாரி ஒருவர் பெற்ற பெருங்கடனுக்கு ஈடாக வைத்த பல காணிகளுள் அதுவும் ஒன்று. "லயத்தை விட்டுச் சொந்த மண்ணுக்குப் போகலாம்" என்று அப்பா கூறுகின்றார். வீட்டில் அந்த அறிவித்தலை முழுமையாக வாசித்து விளக்கக்கூடியவர் நீங்கள் ஒருவரே. என்ன செய்வீர்கள்?

2. ஏலமும் ஒப்பந்தச் சட்டமும்

பலர் போட்டியிட்டு விலை கூற, கூடிய விலை கூறியவருக்கு ஆதனத்தை விற்கும் முறையே ஏலம் எனப்படும். செல்லுபடியாகும் ஒப்பந்தமொன்றுக்கு முன்மொழிவும் ஏற்பும் வேண்டும் என்பதை நீங்கள் கற்றிருக்கின்றீர்கள். ஏலத்தில் அவை பின்வருமாறு அமைகின்றன.

(அ) ஏல அறிவித்தல் முன்மொழிவு அன்று. விலை கூற வருமாறு விடுக்கும் அழைப்பு மாத்திரமே. இங்கிலாந்தில் ஹரிஸ் எதிர் நிக்கர்சன் (1873) என்ற வழக்கில், ஏல விளம்பரத்தைப் பார்த்து இலண்டனிலிருந்து பயணம் செய்து வந்தவர், தாம் வாங்க விரும்பிய தளபாடங்கள் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டதால் நட்டஈடு கோரினார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை.

(ஆ) விலை கூறுதலே முன்மொழிவு ஆகும்.

(இ) சுத்தியல் தட்டப்படுவதே ஏற்பு ஆகும். பெயின் எதிர் கேவ் (1789) என்ற வழக்கில், சுத்தியல் தட்டப்படுமுன் விலை கூறியவர் தமது கேள்வியை மீளப் பெறலாம் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. இலங்கையின் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் அசையும் பொருட்களின் ஏலத்துக்கு இதே விதியைக் கொண்டுள்ளது.

விலை கூறுபவர் ஒப்பந்தம் செய்யும் தகுதியுடையவராக இருத்தல் வேண்டும். இலங்கையில் பராய வயது 18 ஆகும். எனவே அப்பாவுக்குப் பதிலாக நீங்கள் ஏலத்தில் கையுயர்த்த முடியாது. ஆனால் அறிவித்தலை வாசித்து, வினாக்களைக் குறித்துக் கொடுக்க வயதெல்லை இல்லை.

3. காணி ஏலம் வேறுபடுவது ஏன்?

தேயிலைப் பொதிக்கும் பழைய வாகனத்துக்கும் சுத்தியலின் ஓசையே பெருமளவு போதுமானது. காணிக்கு அது போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகளைத் தடுக்கும் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்றல், வாங்கல், ஈடு வைத்தல் ஆகியன எழுத்தில் இருத்தல் வேண்டும். தரப்பினர் கையொப்பமிட வேண்டும். நொத்தாரிசு ஒருவரும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் சமுகமளித்திருந்து உறுதிப்படுத்த வேண்டும். வாய்மொழியாகவோ வெறும் முத்திரைத்தாளில் எழுதியோ காணி உரித்து கைமாறாது.

இதனாலேயே காணி ஏலம் முடிந்த உடனேயே 'விற்பனை நிபந்தனைகள்' என்ற பத்திரத்தில் வாங்குபவர் கையொப்பமிட, நொத்தாரிசு அதனை உறுதிப்படுத்துகின்றார். அப்பத்திரத்தின் ஒவ்வொரு வரியும் வாங்குபவரைக் கட்டுப்படுத்தும். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்திரத்தை வாசிக்க இயலாதவருக்கு அதனை வாசித்து விளக்க வேண்டியது நொத்தாரிசின் கடமை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட பத்திரத்தை விளங்காமல் ஒப்பமிட வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. "தமிழில் விளக்குங்கள், பிறகு ஒப்பமிடுகின்றேன்" என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

4. காணி ஏலத்துக்கு வரும் வழிகள்

ஏல அறிவித்தலைக் கண்டதும் முதலில் கேட்க வேண்டிய வினா: இதனை விற்பவர் யார், எந்த அதிகாரத்தில் விற்கின்றார்?

(அ) உரிமையாளரின் விருப்ப ஏலம்: உரிமையாளர் அனுமதிப்பத்திரம் பெற்ற ஏலவிற்பனையாளர் மூலம் தாமே விற்பது.

(ஆ) வங்கி ஏலம்: 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க, வங்கிகள் கடன் அறவிடும் விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் நடைபெறுவது. கடன் தவணை தவறும்போது வழக்குத் தொடராமலே, பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலம் ஈட்டுக் காணியை விற்க வங்கிக்கு இச்சட்டம் அதிகாரம் அளிக்கின்றது. இதனைப் 'பராட்டே' அதிகாரம் என்பர்.

(இ) நீதிமன்ற ஏலம்: வழக்கில் தீர்க்கப்பட்ட கடனுக்காக நீதிமன்றக் கட்டளைப்படி பிஸ்கால் நடத்துவது. இவ்விற்பனையை நீதிமன்றம் உறுதிசெய்த பின்னரே அது முடிவானதாகும்.

(ஈ) பாகப்பிரிவினை ஏலம்: பலருக்குப் பொதுவான காணியைத் துண்டாடுவது பொருத்தமற்றதாயின், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் விற்றுப் பணத்தைப் பங்கிடுவது.

எமது நிலைமையில் உள்ளது (ஆ) வகை ஏலமாகும்.

5. வாங்குபவர் ஏலத்துக்கு முன் செய்ய வேண்டியவை

ஏல அறிவித்தலில் காணியின் பெயர், பரப்பு, நில அளவைப்பட இலக்கம், எல்லைகள், பதிவேட்டின் தொகுதி மற்றும் பக்க இலக்கங்கள், பத்திரங்களைப் பார்வையிடக்கூடிய இடம் ஆகியன வழமையாகக் குறிப்பிடப்படும். இவையே உங்கள் தேடலின் ஆரம்பம்.

படி 1: காணிப் பதிவகத் தேடல்
அறிவித்தலிலுள்ள தொகுதி, பக்க இலக்கங்களைக் கொண்டு காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதியைப் பெறலாம். பேச்சுவழக்கில் இதனைப் 'பத்திரு' என்பர். காணி யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, வேறு ஈடு உண்டா, வழக்கு பதியப்பட்டுள்ளதா, குத்தகை உண்டா என்பன இதில் தெரியவரும். சட்டத்தரணிகள் வழக்கமாக 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் பின்னோக்கித் தேடுவர். கடைசிப் பதிவை மட்டும் பார்ப்பது, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்துப் பரீட்சைக்குச் செல்வதைப் போன்றது.

படி 2: உறுதியையும் நில அளவைப்படத்தையும் ஒப்பிடுதல்
உறுதியிலுள்ள பரப்பும் படத்திலுள்ள பரப்பும் ஒன்றா? 1 ஏக்கர் = 4 ரூட் = 160 பேர்ச் என்பதை நினைவில் வையுங்கள். வழியுரிமை படத்தில் காட்டப்பட்டுள்ளதா? மலைச்சரிவில் வழியில்லாக் காணி, வாசலில்லா வீடு போன்றது.

படி 3: காணியை நேரில் பார்த்தல்
அங்கு யார் குடியிருக்கின்றார்? எவ்வளவு காலமாக? 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளரின் உரித்துக்கு எதிராகத் தடையின்றிப் பத்து ஆண்டுகள் ஆட்சி செய்தவர் அக்காணிக்கு உரிமை கோரலாம். அயலவரிடம் விசாரித்தால் பத்திரத்தில் இல்லாத பல விடயங்கள் தெரியவரும்.

படி 4: அரச திணைக்களங்களில் விசாரித்தல்
சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த வனப்பகுதி பாதுகாக்கப்பட்ட அரச காணி ஆகும். அதன் ஓரத்திலுள்ள காணிகளின் எல்லையை விசேடமாகக் கவனிக்க வேண்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் (1935) கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளைச் சாதாரண உறுதிக் காணிகளைப் போல விற்க முடியாது. இதனைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். வரி நிலுவையையும் வீதி எல்லையையும் பிரதேச சபையில் அறியலாம்.
மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் விசாரிப்பது மலையகத்தில் தவிர்க்க முடியாத படி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதையுண்டதை எம்மவர் மறக்கவில்லை. உறுதி சுத்தமாயிருந்தாலும் வீடு கட்ட முடியாத சரிவை வாங்கிப் பயனில்லை.

படி 5: விற்பனை நிபந்தனைகளை முன்கூட்டியே பெறுதல்
ஏல நாளன்று சனக்கூட்டத்தின் நடுவே அவற்றை வாசிக்க நேரம் இருக்காது. முன்னரே பெற்றுச் சட்டத்தரணியிடம் காட்ட வேண்டும். 'உள்ளது உள்ளபடி விற்கப்படும்' என்ற வாசகம் இருந்தால், பின்னர் தெரியவரும் குறைகளுக்கு வாங்குபவரே பொறுப்பேற்க நேரிடலாம்.

படி 6: பணத்தைத் தயார் செய்தலும் உச்சவிலையைத் தீர்மானித்தலும்
'எவ்வளவுக்கு மேல் கூறமாட்டோம்' என்பதை வீட்டில் கலந்து பேசித் தாளில் எழுதிச் செல்ல வேண்டும். ஏலக் களத்தில் போட்டி உணர்வு மேலோங்கும். பக்கத்தில் நிற்பவர் கூறும் விலை காணியின் பெறுமதி ஆகாது.

6. ஏல நாளில் செலுத்த வேண்டிய தொகை

காணியின் விலையை மட்டும் வைத்துக்கொண்டு ஏலத்துக்குச் செல்வது பலர் விடும் தவறு. வங்கி ஏல அறிவித்தல்களில் பொதுவாகக் காணப்படும் கொடுப்பனவு நிபந்தனைகளைக் கொண்டு கீழுள்ள உதாரணத்தைச் செய்வோம்.

உதாரணம்: காணி ரூபா 2,000,000 இற்கு ஏலத்தில் எடுக்கப்பட்டது. விளம்பரச் செலவு ரூபா 60,000. அதில் அரைவாசியை வாங்குபவர் ஏற்க வேண்டும் எனக் கொள்க. எழுதுவினைஞர், கூறுவோர் கட்டணம் ரூபா 1,000 எனவும் நிபந்தனைகளை உறுதிப்படுத்தும் நொத்தாரிசுக் கட்டணம் ரூபா 3,000 எனவும் கொள்க.

சுத்தியல் தட்டியவுடன் செலுத்த வேண்டியவை:

கொள்வனவு விலையில் 10% – ரூபா 200,000
உள்ளூராட்சி மன்ற விற்பனை வரி 1% – ரூபா 20,000
ஏலவிற்பனையாளர் தரகு 2.5% – ரூபா 50,000
விளம்பரச் செலவில் அரைவாசி – ரூபா 30,000
எழுதுவினைஞர், கூறுவோர் கட்டணம் – ரூபா 1,000
நொத்தாரிசுக் கட்டணம் – ரூபா 3,000
மொத்தம் – ரூபா 304,000

மீதி 90%, அதாவது ரூபா 1,800,000, வழமையாக 30 நாட்களுக்குள் செலுத்தப்பட வேண்டும்.

இதற்கு மேல் உரித்துப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை உண்டு. முதல் ரூபா 100,000 இற்கு 3%, எஞ்சியதற்கு 4% எனக் கொண்டால்,

100,000 × 3% = ரூபா 3,000
1,900,000 × 4% = ரூபா 76,000
முத்திரைத் தீர்வை = ரூபா 79,000

ஆகவே மொத்தச் செலவு: 2,000,000 + 104,000 + 79,000 = ரூபா 2,183,000. சட்டத்தரணி கட்டணமும் பதிவுக் கட்டணமும் இதில் அடங்கவில்லை.

அவதானிக்க: மீதிப் பணத்தை 30 நாட்களில் செலுத்தத் தவறினால், 10% முற்பணத்தைப் பறிமுதல் செய்து காணியை மீண்டும் ஏலத்தில் விடும் உரிமையை வங்கி நிபந்தனைகளில் ஒதுக்கி வைத்திருக்கும். ஏனைய செலவுகளும் திரும்பாது. மேலுள்ள உதாரணத்தில் இழப்பு ரூபா 304,000. 'ஏலத்தில் எடுத்த பிறகு கடன் கேட்கலாம்' என்று எண்ணுவது இதனாலேயே ஆபத்தானது. கடன் தேவையாயின் அதன் அனுமதியை ஏலத்துக்கு முன்பே எழுத்தில் பெற வேண்டும்.

7. ஏலத்தின் பின்

(அ) விற்பனைச் சான்றிதழ்: வங்கி ஏலத்தில் முழுப் பணமும் செலுத்தப்பட்டதும் பணிப்பாளர் சபை விற்பனைச் சான்றிதழ் வழங்கும். கடனாளிக்கு அக்காணியில் இருந்த உரித்து அதன் மூலம் வாங்குபவரைச் சேரும். கடனாளிக்கு இல்லாத உரித்து வாங்குபவருக்கும் வராது. படி 1 இன் முக்கியத்துவம் இங்கு விளங்கும்.

(ஆ) பதிவு: 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியப்படாத உறுதி, அதே காணிக்குப் பெறுமதி செலுத்திப் பின்னர் பெற்று முன்னர் பதியப்பட்ட உறுதிக்குப் பின்னடையும். உறுதியைப் பெட்டியில் பூட்டி வைத்தால் மட்டும் பாதுகாப்பு வராது. தாமதமின்றிப் பதிவு செய்ய வேண்டும்.

(இ) உடைமை பெறல்: காணியில் இருப்பவர் வெளியேற மறுத்தால் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கதவை உடைக்கக் கூடாது. சான்றிதழ் பெற்றவர் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து உடைமை ஒப்படைக்கும் கட்டளையைப் பெறலாம்.

8. விற்பவரும் கடனாளியும் அறிய வேண்டியவை

ஏலத்தின் மறுபக்கத்திலும் ஒரு குடும்பம் உண்டு என்பதை மறக்கலாகாது.

விருப்பத்துடன் விற்பவர்: உறுதி, நில அளவைப்படம், வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்தல், ஏலவிற்பனையாளருக்கு எழுத்தில் அதிகாரம் வழங்குதல், ஒதுக்கு விலை உண்டாயின் அதனை நிபந்தனைகளில் குறிப்பிடல், ஈடு இருப்பின் வெளிப்படுத்தல் ஆகியன அவரது முன்னாயத்தங்களாகும். விலையை உயர்த்துவதற்காகப் போலிக் கேள்வியாளர்களை நிறுத்துவது மோசடியாகும். கூட்டு உரிமையாளர் ஒருவர் தமது பிரிக்கப்படாத பங்கை மட்டுமே விற்க முடியும். வெளிநாட்டில் இருப்பவருக்காக விற்பவர், பதிவு செய்யப்பட்ட அற்றோர்ணித் தத்துவம் வைத்திருத்தல் வேண்டும். காணி விற்பனையில் கிடைக்கும் இலாபத்துக்கு 2018 ஏப்ரல் 1 முதல் மூலதன நயங்கள் மீதான வரி மீண்டும் நடைமுறைக்கு வந்ததையும் அவர் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடனாளி: 1990ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிக்கு அதிகாரம் அளித்த போதிலும், கடனாளிக்குச் சில பாதுகாப்புகளையும் வைத்துள்ளது.

• விற்பனைக்கான தீர்மானம் வர்த்தமானியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் நாளாந்தப் பத்திரிகைகளிலும் வெளியிடப்பட வேண்டும். கடனாளிக்கும் அறிவிக்கப்பட வேண்டும்.
• குறிக்கப்பட்ட ஏல நாளுக்கு முன் நிலுவை, வட்டி, செலவு அனைத்தையும் செலுத்தினால் காணி விற்கப்படலாகாது.
• கடனும் செலவும் கழிக்கப்பட்ட பின் எஞ்சும் பணம் கடனாளிக்கோ அதற்கு உரித்துடையவருக்கோ சேர வேண்டும்.

2011ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், முதல் ரூபா 50 இலட்சத்துக்குக் குறைந்த கடன்களுக்குப் பராட்டே அதிகாரத்தைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. பொருளாதார நெருக்கடியின் பின்னர், 2024இல் பாராளுமன்றம் இவ்வதிகாரத்தைத் தற்காலிகமாக இடைநிறுத்தியது. டிசம்பர் 15 இல் முடியவிருந்த இடைநிறுத்தம் பின்னர் நீடிக்கப்பட்டது. இத்தகைய எல்லைகளும் திகதிகளும் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், உண்மையான பிரச்சினை ஒன்று வரும்போது அன்றைய சட்டத்தைச் சட்டத்தரணியிடம் கேட்டறிதல் வேண்டும்.

வழக்கு ஒன்றை அறிவோம்
எமது ஹட்டன் நகரில் 1888இல் தோட்டத்துரைமாரின் தேவைக்காகத் தொடங்கப்பட்ட ஒரு சிறிய வங்கியே ஹட்டன் நஷனல் வங்கியின் மூலவேராகும். அவ்வங்கி தரப்பாக இருந்து, 2006ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான வழக்கொன்றில் உயர் நீதிமன்றத்தின் முன் எழுந்த வினா இதுவாகும்: ஒருவர் பெற்ற கடனுக்காக வேறொருவர் தமது காணியை ஈடு வைத்தால், அக்காணியையும் வழக்கின்றி ஏலத்தில் விடலாமா? 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் விசேட அதிகாரம் கடன் பெற்றவர் தாமே ஈடு வைத்த ஆதனத்துக்கு மட்டுமே உரியது எனப் பெரும்பான்மை நீதியரசர்கள் தீர்ப்பளித்தனர். எனினும் மூன்றாமவரின் ஈடு செல்லாது என்பது இதன் பொருள் அன்று. வங்கி வழக்குத் தொடர்ந்து அறவிடலாம். உறவினருக்காகப் பிணை நிற்பதும் காணியை ஈடு வைப்பதும் ஒப்பத்தோடு முடியும் விடயங்கள் அல்ல.

9. மலையகத்தில் விசேடமாகக் கவனிக்க வேண்டியவை

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் பெரும்பாலான பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 முதல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டு, காணி நீண்டகாலக் குத்தகைக்கு வழங்கப்பட்டது. எனவே கம்பனிக்கு உள்ளது குத்தகை உரிமை. நிலத்தின் உரித்து அரசிடம் உள்ளது. லயத்தில் நான்கு தலைமுறையாக வாழ்ந்த குடும்பத்திடம்கூட அந்த அறைக்கான உறுதி இருப்பதில்லை.

இதிலிருந்து மூன்று விடயங்கள் பெறப்படும்.

(அ) லய அறையை 'விற்பதாக' எழுதிக் கொடுக்கும் தாளினால் உரித்து மாறாது. அதற்குக் கொடுத்த பணத்துக்கு ஈடாகக் கையில் இருப்பது வெறும் தாளே.

(ஆ) வீடமைப்புத் திட்டங்களின் கீழ் 7 பேர்ச் காணியும் வீடும் உறுதியுடன் பெற்ற குடும்பங்கள், அவ்வுறுதியிலுள்ள நிபந்தனைகளை வாசித்தறியாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முற்படக் கூடாது.

(இ) யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணியில் கடை நடத்தக் கிடைக்கும் தற்காலிக இடம் காணி உரிமை ஆகாது. டிசம்பர் உந்துவப் போயாவில் தொடங்கி மே வெசாக் போயாவுடன் முடியும் பருவத்துக்கான அனுமதியை ஏலத்திலோ கேள்விப்பத்திரத்திலோ பெற்றாலும், பெறப்படுவது குறித்த காலப் பயன்பாட்டு உரிமையே. விலை கூறுமுன் எத்தனை நாள், என்ன வியாபாரம், எவ்வளவு வைப்புப்பணம் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

இப்போது ஆரம்பத்தில் கூறிய நிலைமைக்குத் திரும்புவோம். அப்பாவிடம் ரூபா 2,100,000 மட்டுமே உண்டு எனக் கொள்க. ரூபா 2,000,000 இற்குக் காணி கிடைத்தாலும் மொத்தச் செலவு ரூபா 2,183,000 என்பதால் ரூபா 83,000 குறைகின்றது. சட்டத்தரணி கட்டணம் அதற்கும் மேல். ஆகவே அவரது உச்சவிலை 20 இலட்சத்துக்குக் கீழே இருத்தல் வேண்டும். தேடலில் வழியுரிமை இல்லை என்றோ மண்சரிவு அபாயம் உண்டு என்றோ தெரியவந்தால் ஏலத்துக்குச் செல்லாமல் இருப்பதே இலாபம். முப்பது ஆண்டு உழைப்பு ஒரு சுத்தியலின் ஓசையில் போய்விடக் கூடாது. இதனைக் கணக்கிட்டுக் காட்டக்கூடிய கல்வி உங்களிடம் உள்ளது.

10. மீட்டல்

நினைவில் வைத்திருக்க:
அறிவித்தல் – அழைப்பு; விலை கூறல் – முன்மொழிவு; சுத்தியல் – ஏற்பு.
1840 – எழுத்து, நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள்.
1927 – பதிவு.
1990 – வங்கியின் பராட்டே அதிகாரம்.

பகுதி I – மிகப் பொருத்தமான விடையைத் தெரிக.

1. பத்திரிகையில் வெளியாகும் ஏல அறிவித்தல்
(1) முன்மொழிவு (2) ஏற்பு (3) அழைப்பு (4) ஒப்பந்தம்

2. காணி விற்பனை உறுதிக்குத் தேவையான குறைந்தபட்சச் சாட்சிகளின் எண்ணிக்கை
(1) 1 (2) 2 (3) 3 (4) 5

3. 1½ ஏக்கர் காணியில் அடங்கும் பேர்ச்களின் எண்ணிக்கை
(1) 160 (2) 200 (3) 240 (4) 320

4. சுத்தியல் தட்டப்படுமுன் விலை கூறியவர் தமது கேள்வியை மீளப் பெறலாம் எனக் காட்டிய வழக்கு
(1) ஹரிஸ் எதிர் நிக்கர்சன் (2) பெயின் எதிர் கேவ் (3) இரண்டும் (4) இரண்டும் அல்ல

பகுதி II – அமைப்புக் கட்டுரை வினா

காணியொன்று ஏலத்தில் ரூபா 1,500,000 இற்கு எடுக்கப்பட்டது. 10% முற்பணம், 1% உள்ளூராட்சி வரி, 2.5% தரகு, விளம்பரச் செலவில் வாங்குபவரின் பங்கு ரூபா 25,000, ஏனைய கட்டணங்கள் ரூபா 4,000.
(அ) ஏல நாளில் செலுத்த வேண்டிய மொத்தத் தொகையைக் கணிக்க.
(ஆ) 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டிய மீதியைக் கணிக்க.
(இ) மீதியைச் செலுத்தத் தவறின் வாங்குபவருக்கு ஏற்படும் விளைவுகள் இரண்டு தருக.
(ஈ) "ஏலத்தில் வாங்கிய காணிக்கு வழக்கு வராது" என ஒருவர் கூறுகின்றார். இக்கூற்றை நீர் ஏற்கின்றீரா? இரண்டு காரணங்கள் தருக.

விடைகள்

பகுதி I: 1 – (3), 2 – (2), 3 – (3), 4 – (2)

பகுதி II:
(அ) 150,000 + 15,000 + 37,500 + 25,000 + 4,000 = ரூபா 231,500
(ஆ) ரூபா 1,350,000
(இ) முற்பணம் பறிமுதலாகும். காணி மீண்டும் ஏலத்தில் விடப்படலாம். செலுத்திய ஏனைய கட்டணங்களும் திரும்பாது என எழுதினாலும் ஏற்கப்படும்.
(ஈ) ஏற்க முடியாது. விற்பவருக்கு அல்லது கடனாளிக்கு இருந்த உரித்து மட்டுமே வாங்குபவரைச் சேரும்; காணியில் நீண்டகாலம் இருப்பவர் காலாவதிச் சட்டத்தின் கீழ் உரிமை கோரலாம்.

செயற்பாடு: தமிழ்ப் பத்திரிகையொன்றிலிருந்து ஏல அறிவித்தல் ஒன்றை வெட்டி உங்கள் பயிற்சிக் கொப்பியில் ஒட்டுக. விற்பவர், அதிகாரம், பரப்பு, நில அளவைப்பட இலக்கம், பதிவேட்டு இலக்கம், கொடுப்பனவு நிபந்தனை, பத்திரங்களைப் பார்வையிடும் இடம் ஆகிய ஏழையும் அடிக்கோடிடுக. எது இல்லையோ, அதுவே நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பின்னர் அதனை வீட்டில் பெற்றோருக்கு உரத்து வாசித்து விளக்குக.